கொக்குப் படம் போட்ட சாவிக்கொத்து

போன மாதம் உங்கள் அதிகாரி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் ஒரு சின்னம் வரைந்து கைப்பேசிக் குழுவில் போட்டிருக்கிறாராம். வட்டத்துக்குள் ஒரு மண்டையோடு, அதன் வாயில் கத்தி, கீழே மின்னல். 'ராணுவத்தில் பாராசூட்டில் குதிப்பவனுக்கு இறக்கை இருக்கிறது, கமாண்டோவுக்குத் தனித் தொப்பி இருக்கிறது, கடலில் முக்குளிப்பவனுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. போலீஸ் உளவுப் பிரிவில் இருக்கும் நமக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை?' என்று கேட்டும் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். "நான் வேண்டாம் என்றால் உத்தரவாகிவிடும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் படிப்பார்கள்" என்றார் அதிகாரி.

படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார். நன்றாகவே இருந்தது, மண்டையோட்டுக்குப் பல்தான் கொஞ்சம் கூடுதல். வரைந்தவரைக் கேலி செய்யும் அருகதை எனக்கு இல்லை. அவர் வரைந்ததோடு நிறுத்திக்கொண்டார். நான் செய்து கையில் கொடுத்தே விட்டேன். அதனால் ஒரு மனிதரின் உயிர் இரண்டு நாள் ஊசலாடியது. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்னத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. இந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன் கமாண்டோப் பயிற்சி முடித்தவன் நான். அங்கே கடைசி ஓட்டம் முடிந்ததும் துணியில் நெய்த ஒரு சின்னத்தையும் ஊசி நூலையும் கையில் கொடுப்பார்கள். தையற்காரரிடம் போகக் கூடாது. ஓடிக் களைத்து நடுங்கும் விரலோடு நாமே சட்டையில் தைக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர் வரிசையாக வந்து ஒவ்வொன்றையும் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். கையோடு வந்துவிட்டால் மறுநாள் மறுபடியும் அதே ஓட்டம். என்னுடையது வரவில்லை. சட்டைதான் கிழிந்தது. கிழிந்த சட்டையோடு நான் அன்று நின்ற நிமிர்வில் என் கல்யாணத்தில்கூட நின்றதில்லை.

அப்படிப்பட்டவன் சேலத்துக்கு மாற்றலாகி இந்தப் பிரிவுக்கு வந்தேன். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீடுதான் அலுவலகம். வாசலில் 'மண் பரிசோதனை நிலையம்' என்று பலகை. உள்ளே எங்கள் தலைமை அதிகாரி, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அவரோடு சேர்த்து ஐந்து பேர்தான் மொத்தப் பிரிவும்.

சேர்ந்த அன்றே மேடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை நீட்டினார். சீருடையில் குத்தும் பெயர்ப் பட்டையை அதில் போட வேண்டும். ஓய்வு பெறும் நாளில்தான் திரும்பக் கிடைக்கும். இன்னொரு வழக்கமும் உண்டு. யாருக்காவது பதக்கம் வந்தால் விழாவுக்குப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் போட்டிருக்கும் சாதாச் சட்டையில் குத்துவார்கள். எல்லாருக்கும் டீ வரும். டம்ளர் காலியாகும் வரை பதக்கம் நெஞ்சில் இருக்கலாம். பிறகு கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சிலர் அந்த டீயை அரை மணி நேரம் குடிப்பார்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மண்பரிசோதனைப் பலகையைப் பார்த்துப் பனமரத்துப்பட்டி விவசாயி ஒருவர் நிஜமாகவே ஒரு பை மண்ணோடு வந்து நின்றார். நான் அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். மேடம் உள்ளேயிருந்து வந்து பையை வாங்கி வைத்துக்கொண்டு, அரசு ஆய்வகத்துக்கு அனுப்பி, பத்து நாளில் முடிவை வாங்கிக் கொடுத்தார். 'துத்தநாகம் பத்தலையாம், என்ன உரம் போடணும்னு இதுல எழுதியிருக்கு' என்று விளக்கமும் சொன்னார். அந்த விவசாயி அடுத்த வருஷம் தம்பியையும் கூட்டிவந்தார். கமாண்டோப் பயிற்சி முடித்தவன் மண் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேனே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குவாரிகளிலிருந்து வெடிமருந்து திருடுபோய்க்கொண்டிருந்தது. ஜவ்வரிசி மூட்டைகளுக்கு அடியில் வைத்து வெளியே கொண்டுபோகிறார்கள் என்பது வரை தெரியும். அந்த லோடுகளில் சிலவற்றை ஓட்டியவர் ராசிபுரத்துக்காரர் ஒருவர். சொந்த லாரி, ஒரே லாரி. பெயர் வேண்டாம், லாரிக்காரர் என்றே சொல்கிறேன். மூட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவராகவே தெரிந்த காவலர் ஒருவர் மூலம் எங்களைத் தேடி வந்தார். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில்தான் நாங்கள் சந்திப்போம். தாடையில் கையை வைத்துக்கொண்டு பேசுவார். பல் எல்லாம் வலுவாகத்தான் இருந்தது.

அவர் சொன்ன இடம் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் ஒரு பழைய கிடங்கு. தூண்டில் போடுகிறவர்களாக மூன்று வாரம் கரையில் உட்கார்ந்தோம். எங்களோடு தினமும் ஒரு கொக்கும் ஒற்றைக் காலில் நின்றது. மூன்றாவது வாரம் லோடு வந்தது. கிடங்கும் சரக்கும் பிடிபட்டன. கூட்டத்தின் தலைவர்களும் சில ஆட்களும் சிக்கவில்லை. ஆனாலும் பெரிய வேலை. செய்தித்தாளில் உள்ளூர் காவல் நிலையத்தின் பெயர் வந்தது. எங்கள் பெயர் வரவில்லை, வரவும் கூடாது.

எனக்கு மனசு ஆறவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போனேன். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைப் படமாகக் கொடுத்து, அச்சு வெட்டச் சொல்லி, பித்தளையில் ஆறு சாவிக்கொத்து செய்து வாங்கினேன். எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் கொக்கு. யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மேடம் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு. எத்தனை செஞ்சீங்க?"

"ஆறு மேடம்."

"நாம அஞ்சு பேர்தானே?"

"ஒண்ணு ஸ்பேர் மேடம்."

ஆறாவதை முந்தின நாளே பல் ஆஸ்பத்திரியில் லாரிக்காரர் கையில் கொடுத்திருந்தேன். "நீங்களும் எங்க ஆளுதாங்க" என்றேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து விரலால் கொக்கைத் தடவினார். "எனக்கு இந்த மாதிரி யாருமே ஒண்ணும் குடுத்ததில்லைங்க சார்" என்றார். நான் செய்ததிலேயே நல்ல காரியம் என்று அன்று நினைத்தேன். அப்படியானால் ஏன் மேடத்திடம் மறைத்தேன்? நீங்கள் எதையாவது செய்துவிட்டு மேலதிகாரியிடம் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கே பதில் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருந்தது.

ஐந்து வாரம் கழித்து லாரிக்காரரின் அழைப்பு வந்தது. அவர் பொதுவாக அழைக்கமாட்டார்.

"சார், ஆட்டையாம்பட்டி டீக்கடையில நின்னுட்டிருந்தனுங்க. அந்தச் செவப்புத் துண்டுக்காரன் வந்தான்." சிவப்புத் துண்டுக்காரன் என்பது அந்தக் கூட்டத்தின் ஆள், லோடு ஏற்றும் இடத்தைச் சொல்கிறவன். "என்ற கையிலிருந்த சாவியை வாங்கிப் பாத்தானுங்க. இந்தக் கொக்கு ஏது, இதே மாதிரி ஒரு போலீஸ்காரன் சாவியில பாத்தனேன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ராசிபுரம் தாண்டி ஒரு டயர் கடையில ஆயுத பூசைக்குக் குடுத்தாங்கன்னு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டனுங்க. எந்தக் கடைன்னான். பச்சை ஷட்டர் போட்ட கடைன்னேன். நாளான்னைக்கு அந்தப் பக்கந்தான் போறேன், எனக்கும் ஒண்ணு வாங்கிக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே போனானுங்க. ஊட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க சார். நான் என்னங்க பண்ணட்டும்?"

வழக்கம் போல வண்டியை ஓட்டுங்கள், சாவிக்கொத்தைக் கழற்றாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கள் இளைய எஸ்.ஐ. ஒரு முறை வேறு வேலையாகக் காவல் நிலையம் போனபோது கொக்கு மாட்டியிருந்த பைக் சாவியை மேஜையில் எறிந்திருக்கிறார். அதே நேரம் ஏதோ அடிதடி வழக்கு விசாரணைக்காக அந்தச் சிவப்புத் துண்டுக்காரன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எஸ்.ஐ.யின் மேல் குற்றமில்லை. சாவி என்றால் மேஜையில் எறியத்தான் செய்வார்கள்.

மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உக்காருங்க. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலயே சொல்லுங்க. உங்க வார்த்தையில வேணாம்."

சொன்னேன். ஸ்பேர் என்று நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எஸ்.ஐ. துடித்தார். "இப்பவே அவனைத் தூக்கிடலாம் மேடம்."

"தூக்கினா, யார் சொல்லித் தூக்கினாங்கன்னு அவங்க ஆளுங்க யோசிப்பாங்க. யோசிச்சா ஒரே பேருதான் வரும்."

"குடும்பத்தோட வெளியூர் அனுப்பிடலாம்" என்றேன் நான்.

"திடீர்னு வீட்டைக் காலி பண்ணினா அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஆயுசுக்கும் அவர் ராசிபுரம் பக்கம் வர முடியாது. நம்மகிட்ட வந்ததுக்கு அதுவா கூலி?" மேஜையில் கிடந்த தன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். "அவர் ஒரு பொய் சொல்லியிருக்கார். நல்ல பொய். நாம அதை நிஜமாக்கிட்டாப் போதும். நூத்தம்பது கொக்கு வேணும், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு மனிதரின் உயிர் தொங்கிக்கொண்டிருந்த அந்த நொடியில், 'ஐயோ, நம் கொக்கை ஊருக்கெல்லாம் கொடுக்கப்போகிறார்களே' என்று எனக்கு ஒரு வலி வந்தது. சின்னத்தின் மேல் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் என்னிடம் இல்லை.

கொலுசுப் பட்டறைக்காரரிடம் அச்சு பத்திரமாக இருந்தது. "ஏனுங்க, நூத்தம்பதா? ஊட்ல ஏதும் விசேஷமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் பதினொன்றரைக்கெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ராசிபுரம் தாண்டி அந்தச் சாலையில் பச்சை ஷட்டர் போட்ட டயர் கடை நிஜமாகவே ஒன்று இருந்தது. தினமும் கடந்து போகிற கடை என்பதால் லாரிக்காரர் நாக்கில் அதுதான் வந்திருக்கிறது. மேடம் ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கம்பெனி விளம்பரப் பிரதிநிதியாக உள்ளே போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

"ஆயுத பூஜைக்கு உங்க கடை மூலமா டிரைவருங்களுக்குக் குடுக்கலாம்னு கொண்டுவந்திருக்கோம்" என்றார் மேடம். இன்றுதான் கொடுக்க ஆரம்பித்தோம் என்று கடைக்காரர் நாளைக்குச் சொல்லிவிட்டால்? மேடம் மிகச் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "போன வாரமே உங்க கடை வாசல்ல நின்ன லாரிக்கெல்லாம் எங்க பசங்க குடுத்தாங்களே, நீங்க பார்க்கலையா?"

தன் கடை வாசலில் நடந்ததைத் தனக்குத் தெரியாது என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்? அவர் ஒரு கணம் யோசித்தார். "பாத்தனுங்களே! ரெண்டு பசங்க. ஒருத்தன் கண்ணாடி போட்டிருந்தானுங்க."

"அவனேதான்" என்றார் மேடம்.

நாற்பது அந்தக் கடையில் வைத்தோம். மற்றவற்றை அன்று மாலைக்குள் அந்தச் சாலையில் எடை மேடை, பெட்ரோல் பங்க், டீக்கடை என்று லாரி நிற்கிற இடமெல்லாம் கொடுத்து முடித்தோம். மேடத்துக்கு இன்னொன்றும் தோன்றியது. "சோதனைச் சாவடியில நிக்கிற நம்ம காவலருங்களுக்கும் குடுங்க. அவன் பார்த்தது போலீஸ்காரன் கையில தானே?" அவர்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் மேடம் தன் சாவியிலிருந்து கொக்கைக் கழற்றிப் பையில் போட்டு, பையை எங்களிடம் நீட்டினார். எங்களிடமிருந்தவையும் உள்ளே போயின. என்னுடையது எந்த டிரைவரிடம் போனது என்று தெரியாது.

மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து டயர் கடைக்கு எதிரே ஒரு டீக்கடையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். பதினொன்று வரை யாரும் வரவில்லை. ஒரே விளம்பரத்தை எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. பதினொன்றேகாலுக்குச் சிவப்புத் துண்டுக்காரன் பைக்கில் வந்து இறங்கினான். கடைக்காரரிடம் ஏதோ கேட்டான். அவர் உள்ளே போய் ஒரு கொக்கை எடுத்துவந்து கொடுத்தார். இவன் வாங்கிக்கொண்டு போகவில்லை. இன்னும் ஏதோ கேட்டான். செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

கடைக்காரர் சாலையைக் காட்டினார். லாரி நிற்கும் இடத்தைக் காட்டினார். இரண்டு விரல் காட்டினார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காட்டினார். கண்ணாடி போட்ட பையன்! இல்லாத அந்தப் பையனை அவர் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புத் துண்டுக்காரன் சிரித்தான், தன் பைக் சாவியை எடுத்தான், நின்ற இடத்திலேயே கொக்கை மாட்டிக்கொண்டான்.

அவன் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பேப்பர்ல யாருக்காச்சும் ஏதும் ஆயிப்போச்சுங்களா?" என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன்.

அதன் பிறகு லாரிக்காரரை நாங்கள் சந்திக்கவில்லை. மேடம் அவருக்கு ஒரே செய்திதான் அனுப்பினார். இனி எங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், அந்த லோடு ஏற்ற வேண்டாம், கிளட்ச் போய்விட்டதென்று கொஞ்ச நாள் வண்டியைப் பட்டறையில் நிறுத்துங்கள். நானும் அவரை எங்கே பார்த்தாலும் தெரியாதவனாகவே போக வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. கூட்டத்தை வேறு வழியில், சில மாதம் கழித்து, தலைவர்களோடு சேர்த்துப் பிடித்தோம். சிவப்புத் துண்டுக்காரனிடம் கைப்பற்றிய பொருட்களை உள்ளூர் காவலர் மகஜரில் வரிசையாக எழுதினார். கைப்பேசி ஒன்று, துண்டு ஒன்று, கொக்குப் படம் போட்ட சாவிக்கொத்து ஒன்று. நான் பக்கத்தில் நின்று படித்தேன்.

அந்த வழக்குக்காக எனக்குப் பதக்கம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு மேடம்தான் குத்தினார். டீ வந்தது. நான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தேன். "சுடலையா?" என்றார். இல்லை என்றேன். நாக்கு இரண்டு நாள் எரிந்தது.

மேடம் பிறகு மாற்றலாகிப் போனார். நான் ஓய்வு பெற்ற அன்று பிஸ்கட் டப்பாவிலிருந்து என் பெயர்ப் பட்டை வந்தது. எழுத்தில் பாதி உரிந்திருந்தது. வீட்டு அலமாரியில் இருக்கிறது.

சின்னம் கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். ராணுவத்துக்காரன் இறக்கையைக் குத்திக்கொள்வதில் தப்பே இல்லை. தான் யார் என்று எதிரிக்குத் தெரியட்டும் என்றுதான் அவன் நிற்கிறான். நம்மை நம்பி வருகிற ஆள், தான் யார் என்று எவருக்கும் தெரியாமல் இருப்பதால் உயிரோடு இருக்கிறார். உங்கள் பெருமைக்காக எதைச் செய்தாலும் அதன் மறுமுனை அவர் சட்டைப்பையில் இருக்கிறது. படத்தை அழித்துவிடுங்கள்.

போன ஐப்பசியில் நாமக்கல் போகும் வழியில் ஒரு ஓட்டலில் டீ குடிக்க உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்து இட்லி சொன்னார். தலை முழுக்க நரைத்திருந்தது. லாரிக்காரர். கூடவே ஒரு பெண், மகளாகத்தான் இருக்க வேண்டும். "ஏப்பா, சீக்கிரம் சாப்புடுங்க, நேரமாச்சு" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இருவரும் சரியாகச் செய்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவ எழுந்தார். லாரி ஓட்டுகிற யாரும் கை கழுவப் போகும்போது சாவியை மேஜையில் விட்டுப் போவதில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பித்தளை தேய்ந்து கொக்கின் கால் மறைந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. இந்த முறை டீயை மெதுவாகக் குடித்தேன். அவரும் கை கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். டம்ளர் காலியானதும் வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார்.